வைட்டமின் ஈ: காப்ஸ்யூலா, கடலையும் எண்ணெயுமா?

டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பொருள்களில் வைட்டமின் ஈ காப்ஸ்யூலும் ஒன்று. முடி கொட்டுகிறது என்று ஒருவர் வாங்குகிறார், முகத்தில் கரும்புள்ளி என்று இன்னொருவர். இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்பவரும் இதயத்துக்கு நல்லதாமே என்பவரும் உண்டு. எல்லாருக்கும் கைக்கு வருவது பெரும்பாலும் அதே 400 தான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆரோக்கியமாக இருப்பவருக்கு வேண்டிய வைட்டமின் ஈ சமையலறையிலிருந்தே வந்துவிடும். 400 ஒரு மருந்து. எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால்தான் அதை வாங்க வேண்டும்.

அளவைப் பார்த்தாலே இது விளங்கும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் போதும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. நம் கடைகளில் கிடைக்கும் காப்ஸ்யூலில் 400 மில்லிகிராம் டோகோபெரில் அசிடேட் என்று அச்சிட்டிருக்கும். அது செயற்கை வகையாக இருந்தால், உடல் பயன்படுத்திக்கொள்ளும் ஆல்ஃபா டோகோபெரால் கணக்கில் சுமார் 180 மில்லிகிராம், யூனிட் என்ற மருந்தளவில் 400. அதாவது ஒரே விழுங்கலில் பன்னிரண்டு நாள் தேவை. இது கொழுப்பில் கரையும் சத்து. வைட்டமின் சி போல மிஞ்சியது அன்றன்றே சிறுநீரில் போய்விடாது, கொழுப்புத் திசுக்களில் தங்கும்.

உணவிலிருந்து எடுப்பதென்றால் எந்த எண்ணெய் என்பது முக்கியம். ஒரு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயில் ஐந்தரை மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. தவிட்டு எண்ணெயில் நாலுக்கு மேல், கடலை எண்ணெயில் இரண்டு. தேங்காய் எண்ணெயில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நல்லெண்ணெய் பலருக்கு வியப்பாக இருக்கும். அதிலும் வைட்டமின் ஈ உண்டு, ஆனால் பெரும்பகுதி காமா வகை. கல்லீரலில் உள்ள ஒரு புரதம் ஆல்ஃபா வகையை மட்டும் பொறுக்கி எடுத்து ரத்தத்துக்கு அனுப்புகிறது. மற்றவை பெரும்பாலும் கழிந்துவிடும். நல்லெண்ணெய் சீக்கிரம் சிக்குவாடை அடிக்காமல் இருப்பதற்கு அதிலுள்ள செசமால் போன்ற பொருள்களும் காரணம். அந்தச் சிறப்பு அதற்கு இருக்கட்டும், வைட்டமின் ஈ கணக்கில் மட்டும் அதை நம்ப வேண்டாம்.

இதற்காக வீட்டு எண்ணெயை மாற்றச் சொல்லமாட்டேன். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ புழங்கும் வீட்டில் தினம் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை சேர்த்தால் இரண்டு மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். பாதாம் இருபது, இருபத்திமூன்று தின்றால் ஏழு. அதே அளவு எடையுள்ள சூரியகாந்தி விதையும் ஏறக்குறைய அவ்வளவே தரும், பெரும்பாலும் பாதாமைவிடக் குறைந்த விலையில். வெந்த கீரை அரைக் கப்பில் இரண்டுக்கு அருகில் வரலாம். பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காயவைத்தால் இந்தச் சத்து அழிந்துபோகும். இவ்வளவு சாப்பிட்டாலும் நாளுக்குச் சரியாக 15 வராதே என்று கலங்க வேண்டாம். குடல், பித்தநாளம், கணையம் ஆகியவை ஒழுங்காக இருப்பவருக்கு வைட்டமின் ஈ குறைபாட்டு நோய் வருவது மிக அரிது.

இதயத்துக்காக வாங்குபவரிடம்தான் அதிக நேரம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. வைட்டமின் ஈ மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கு இதயநோய் குறைவு என்று 1993இல் அமெரிக்காவில் இரண்டு பெரிய கண்காணிப்பு ஆய்வுகள் வெளியாயின. ஆனால் மாத்திரை வாங்கிச் சாப்பிடுபவர் புகையைத் தவிர்ப்பவராகவும் நடைப்பயிற்சி செய்பவராகவும் இருக்க வாய்ப்பு அதிகம். எது காத்தது என்று அத்தகைய ஆய்வைவைத்துச் சொல்ல முடியாது. அதனால் ஒரு பாதிக்கு வைட்டமினும் மறு பாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 9,000க்கு மேற்பட்டவர்கள் பங்கேற்க, அவர்களில் பாதிப் பேருக்குத் தினம் 400 யூனிட் கொடுத்த ஹோப் ஆய்வு 2000இல் வெளியானது. மாரடைப்பு குறையவில்லை. அதன் தொடர்ச்சி 2005இல் வந்தபோது இதயச் செயலிழப்பு வைட்டமின் தரப்பில் கூடியிருந்தது. அதே ஆண்டில் ஏறத்தாழ 40,000 பெண்களைப் பத்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வும் மாரடைப்போ புற்றுநோயோ மொத்தத்தில் குறையவில்லை என்றது. ஆண்கள் கட்டாயம் அறிய வேண்டியது செலக்ட் ஆய்வு. 35,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட அதில், தினம் 400 யூனிட் செயற்கை வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக வந்தது என்று 2011இல் தெரிவித்தார்கள். எனவே இதயம் பலப்பட, புற்றுநோய் வராமல் இருக்க என்று ஐம்பது வயதைத் தாண்டிய ஆண் ஒருவர் தினமும் 400 விழுங்கினால், பயனே தெரியாத ஒன்றுக்காக ஆபத்தை விலைகொடுத்து வாங்குகிறார்.

அதிக அளவு யாருக்குப் பொருந்தும்? கல்லீரலில் கொழுப்போடு அழற்சியும் சேர்ந்தவர்களில் சிலருக்கு. சர்க்கரை நோய் இல்லாத, திசுச் சோதனையில் நோய் உறுதியான பெரியவர்களுக்குத் தினம் 800 யூனிட் வீதம் 96 வாரம் கொடுத்தபோது 43 சதவீதத்தினர் தேறினார்கள். போலி மாத்திரையில் தேறியவர்கள் 19 சதவீதம். இது 2010இல் வெளியான ஆய்வு. ஸ்கேன் அறிக்கையில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு ஒன்று’ என்று பார்த்ததும் நாமே தொடங்குவதற்கு இது அனுமதி ஆகாது. அந்த நிலையில் எடை குறைப்பதுதான் முதல் வைத்தியம்.

வயதால் விழித்திரையின் மையம் தேயும் நோய் நடுக்கட்டத்தில் இருப்பவருக்குக் கண் மருத்துவர் தரும் கூட்டு மாத்திரையிலும் 400 யூனிட் உண்டு. நோய் முற்றுவதை அது சுமார் கால்பங்கு குறைத்தது. அங்கே வைட்டமின் சி, துத்தநாகம், தாமிரம் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. தனி வைட்டமின் ஈ காப்ஸ்யூல் அதற்கு மாற்றாகாது. புகைப்பவரும் புகைத்து விட்டவரும் பீட்டா கரோட்டின் இல்லாத, லூட்டின் சேர்த்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பித்தநாள அடைப்போடு பிறந்த குழந்தைகள், கொழுப்பைச் செரிக்க முடியாத நோயுள்ளவர்கள் ஆகியோருக்கு வைட்டமின் ஈ மிக அவசியம். அவர்களுக்கான அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

முகத்துக்கும் முடிக்கும் வருகிறேன். காப்ஸ்யூலைக் கத்தரித்துத் தடவும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அறுவைத் தழும்பில் வைட்டமின் ஈ தடவிப் பார்த்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில் தழும்பு மங்கவில்லை, மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமை வந்தது. புதுத் தழும்பில் தடவவே வேண்டாம். முடி வளர்ந்தது என்று காட்டிய ஆய்வு ஒன்று மலேசியாவில் நடந்தது. சிலரே கலந்துகொண்ட அதில் கொடுத்தது டோகோடிரையெனால் என்ற வேறு வகை வைட்டமின் ஈ, நாம் வாங்கும் 400இல் இருப்பது டோகோபெரால். முடி கொட்டினால் அந்தப் பணத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்ப்பது மேல். கெண்டைக்கால் பிடிப்புக்கு இது கேட்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை.

வைட்டமின் ஈ அதிக அளவில் ரத்தம் உறைவதைத் தளர்த்தும். வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள், மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்கள், பல் பிடுங்கவோ அறுவைக்கோ நாள் குறித்தவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் தாமாக எடுக்கக் கூடாது. பாதுகாப்பான மேல்வரம்பை அமெரிக்காவில் 1,000 மில்லிகிராம் என்கிறார்கள், ஐரோப்பாவில் 300. நான் ஐரோப்பிய வரம்பைப் பிடித்துக்கொள்வேன், அதற்குள் இருந்தால் ஆபத்தே இல்லை என்றும் எண்ணமாட்டேன், ஏனென்றால் தீங்கு காட்டிய பெரிய ஆய்வுகள் 400 யூனிட்டிலேயே நடந்தவை.

மருத்துவர் எழுதிக்கொடுத்து வாங்கும்போது அட்டையில் இரண்டைப் பாருங்கள். பெயருக்கு முன் ‘டி’ மட்டும் இருந்தால் இயற்கை வகை, ‘டிஎல்’ என்றிருந்தால் செயற்கை. 400 யூனிட் இயற்கை வகை 268 மில்லிகிராமுக்குச் சமம், செயற்கை 180. சீட்டில் யூனிட்டா மில்லிகிராமா என்பதையும் கேட்டுத் தெளியுங்கள். சாப்பாட்டோடு போட்டால்தான் உடலில் நன்றாகச் சேரும். ஏற்கெனவே மாதக்கணக்கில் தாமாகவே எடுத்துவருபவர் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை, நாளையே நிறுத்தலாம். மருத்துவர் தொடங்கிக் கொடுத்ததென்றால், அடுத்த முறை போகும்போது அட்டையைக் கையோடு எடுத்துப்போய் இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுவிடுங்கள்.