பில்ட் எரர் வந்தால் பேசாமல் இருக்காதீர்கள்!

ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர் ஒன்று நம் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் ஆகவில்லை என்றால் என்ன செய்கிறோம்? டெலீட் செய்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கிறோம். இது ஏன் தவறு என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

ராஜபாளையத்தில் என் வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரில், பைத்தான் மொழியில் தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்றை எழுதி, மூலநிரலோடு இலவசமாக வெளியிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் சித்தி மகனுக்கும் கொடுத்தேன். அவனிடம் இருப்பது விண்டோஸ். மூன்று வாரம் கழித்துப் போனபோது, "விளையாடிப் பார்த்தியா?" என்றேன்.

"இல்லண்ணே, ஏதோ எரர் வந்துச்சு. நான்தான் தப்பா அமுக்கிட்டேன்னு அழிச்சுட்டேன்" என்றான்.

மீண்டும் முயன்று பார்த்தோம். தவறு அவனுடையதல்ல, என்னுடையது!

மூலநிரலை இன்ஸ்டால் செய்யத்தக்க தொகுப்பாக மாற்றுவதே பில்ட். அப்போது என் புரோகிராம் ஒரு குறிப்பு பைலைப் படிக்கும். அதன் முதல் சொல் 'தமிழ்'. லினக்ஸ் அதை யுடிஎப்-8 முறையில் படித்துவிடும். ஆனால் முறையைக் குறிப்பிடாவிட்டால், ஆங்கில விண்டோஸில் பைத்தான் 3.14 வரையிலான பதிப்புகள் 1252 என்ற பழைய எழுத்துப் பட்டியலைப் பயன்படுத்தும். 'ழ்' மேலுள்ள புள்ளி யுடிஎப்-8இல் 3 பைட்டுகள். கடைசி பைட் 8டி. 1252 பட்டியலில் அந்த எண்ணுக்கு எழுத்தே கிடையாது. அங்கேயே பில்ட் நின்றுவிட்டது.

பைலைத் திறக்கும் வரியில் யுடிஎப்-8 என்று சேர்த்தேன், சரியாகிவிட்டது. லினக்ஸில் எத்தனை முறை ஓட்டியிருந்தாலும் இந்தப் பிழை என் கண்ணில் பட்டிருக்காது. விண்டோஸ் வைத்திருக்கும் ஒருவர் சொன்னால்தான் தெரியும்.

பிழையைத் தெரிவிக்கும்போது இவற்றை எழுதுங்கள்:

1. விண்டோஸா, லினக்ஸா, மேக்கா? எந்தப் பதிப்பு?
2. சாப்ட்வேரின் பதிப்பு எண். பைத்தான் போன்றவை தேவைப்பட்டால் அவற்றின் பதிப்பும்.
3. நீங்கள் கொடுத்த கட்டளை, அப்படியே.
4. எரர் செய்தி முழுவதும். சுருக்காமல் காப்பி செய்து ஒட்டவும். பைல் முகவரியில் உங்கள் பெயர் தெரிந்தால் அதை மட்டும் மறைத்துவிடுங்கள்.
5. மறுபடி செய்தாலும் அதே எரர் வருகிறதா?

பெரும்பாலான திட்டங்களில் 'இஷ்யூஸ்' என்ற பகுதி இதற்காகவே இருக்கும். அதே பிழையை வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள்.

புரோகிராம் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். என் சித்தி மகனுக்கும் தெரியாது. அவன் மூன்று வாரம் முன்பே சொல்லியிருந்தால், விண்டோஸில் முயன்ற மற்றவர்களும் அழித்துவிட்டுப் போயிருக்க மாட்டார்கள்.