பணத்தை எதற்குச் செலவிடலாம்?

கேள்வி: ஒன்பது வயது மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்கப் போகிறோம். பணம் ஒரு பொருட்டே இல்லை. எதற்குச் செலவிடலாம்?

பதில்: முதலில் உங்கள் நேரத்தை மீட்டுக்கொள்ளுங்கள். சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் நல்ல சம்பளத்தில் ஆள் வையுங்கள். இருவரில் ஒருவர் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஈடான செலவு வேறில்லை.

பாடத்துக்கொரு டியூஷன் ஆசிரியர் வேண்டாம். வீடே இன்னொரு பள்ளியாகிவிடும். நல்ல தச்சர் ஒருவரை வாரம் இரண்டு நாள் வரச்சொல்லுங்கள். முக்கால் அங்குலப் பலகையில் கால் அங்குலம் இழைத்தால் மீதி எவ்வளவு என்று டேப் பிடித்து அளக்கும்போது பின்னக் கணக்கு கைக்குள் வந்துவிடும்.

பிறகு, தாராளமாகப் பயணம் போங்கள். சோழர்களைப் படிக்கும்போது கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகிலேயே சில வாரம் தங்குங்கள். தமிழின் பழைய எழுத்தான தமிழியைக் கற்றுக்கொடுத்துக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போங்கள். பானை ஓட்டில் கீறிய பெயர்களை அவளே எழுத்துக்கூட்டட்டும். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில்தான் 1909-இல் எவர்ஷெட் என்ற வானியலாளர் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அதை அங்கேயே போய்ச் சொல்லுங்கள்.

போகும்போதெல்லாம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேரையும் உங்கள் செலவில் கூட்டிப்போங்கள். தனியாக வளரும் குழந்தைக்குக் கூட்டாளிகள் மிக அவசியம்.

சான்றிதழ் பற்றிப் பயம் வேண்டாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிரம்பியதும் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதியலாம். கட்டணமும் சொற்பம்தான்.