அச்சுத்தண்டில் இறுகிய பேரிங்கைக் கழற்றும் முறை

கவலை இறைத்த காலத்தில் உருளையோ வடக்கயிறோ பழுதுபட்டால், அதனை ஊரிலேயே செப்பனிட்டு மறுநாள் ஏற்றம் நடத்தலாயிற்று. 1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை தொடங்கிய பின்னர், கோயம்புத்தூர்ப் பிரதேசத்துக் கிணறுகளில் மின்சார மோட்டார்கள் பரவலாயின. எருதின் உழைப்பு நீங்கிற்று. ஆயினும் யந்திரத்தைப் பேணும் பொறுப்பு குடியானவரைச் சேர்ந்தது. கோடையில் பயிர் வாடும் சமயத்தில் மோட்டார் நின்றுபோவதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று பேரிங் தேய்வாகும்.

பேரிங் என்பது இரண்டு எஃகு வளையங்களும், அவற்றினிடையே உருளும் குண்டுகளும் கொண்டது. உள்வளையம் தண்டின்மேல் இறுகியிருக்கும். வெளிவளையம் மோட்டாரின் பக்கமூடியில் அமர்ந்திருக்கும். கரகரவென்ற ஓசை, மூடியில் மிகுந்த சூடு, தண்டைக் கையால் அசைத்தால் ஆட்டம் ஆகியவை தேய்வின் அறிகுறிகள். இவற்றைக் கவனியாது ஓட்டினால் சுழலும் பாகம் உட்சுவரில் உரசி, கம்பிச்சுருள் எரிந்துபோகும். அப்பொழுது செலவு பன்மடங்காகும்.

உள்வளையம் இறுகியிருப்பது குறையன்று, அவ்வாறே அமைக்கப்பட்டது. தண்டின் பருமன் வளையத்தின் துவாரத்தைவிடச் சற்றே மிகுதியாக இருக்கும். 40 மில்லிமீட்டர் தண்டில் இம்மிகுதி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரண்டு பங்கேயாம். இதனுடன் துருவும் சேர்ந்தால் பிடிப்பு வலுக்கும். இதனை அறியாதவர் சுத்தியால் ஓங்கி அடித்துத் தண்டின் முனையை மழுக்கிவிடுகின்றனர். பேரிங்கை மாற்றுவது எளிது. தண்டு வளைந்தால் மோட்டாரே பயனற்றதாகும். ஆதலால் தண்டைக் காப்பதே இவ்வேலையின் முதல் விதி.

முன்னேற்பாடு: மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டைகளைக் கழற்றித் தம் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கமூடிக்கும் உடலுக்கும் சேர்த்து அடையாளக் கோடு இட்டபின் மூடியை அகற்றுக. தண்டின் முனையிலிருந்து பேரிங் எவ்வளவு தூரத்தில் உள்ளதென அளந்து குறித்துக்கொள்வது அவசியம். பேரிங்கைத் தடுத்து நிற்கும் சர்கிளிப், மரை, சாவி முதலியவற்றை முன்னதாக எடுத்துவிட வேண்டும். ஒரு சர்கிளிப் கண்ணில் படாமல் தங்கிவிட்டால் எவ்வளவு பலத்தாலும் பேரிங் அசையாது, ஏதேனுமொன்று முறியும். பின்னர் மண்ணெண்ணெயை இடுக்கில் விட்டு ஓரிரவு ஊற வைப்பது நலம்.

புல்லரால் இழுத்தல்: புல்லரின் கால்கள் உள்வளையத்தையே பற்ற வேண்டும். இறுகியிருப்பது அதுவேயாதலால், பலமும் அதன்மீதே செல்லவேண்டும். வெளிவளையத்தைப் பற்றி இழுத்தால் பலம் முழுவதும் குண்டுகளின் வழியே சென்று வளையங்களின் தடத்தில் குழி விழச் செய்யும். அத்தகைய பேரிங் மீண்டும் உபயோகத்துக்கு ஆகாது. கால் நுழைய இடமில்லையாயின், இரண்டாகப் பிளந்த தகட்டினைப் பேரிங்கின் பின்னே பொருத்தி அதனைப் பற்றி இழுக்கலாம். தண்டின் முனைக்கும் புல்லரின் திருகுக்கும் நடுவே ஒரு பித்தளைத் துண்டு வைக்கத் தக்கது. திருகைச் சிறிது சிறிதாக முறுக்கி, இறுகியபின் அதன் தலையில் இலேசாகத் தட்டினால் பெரும்பாலும் பேரிங் நெகிழ்ந்து வரும். கோணலாக வருமாயின் நிறுத்தி, கால்களைச் சமப்படுத்த வேண்டும்.

சூடேற்றுதல்: எஃகு ஒரு டிகிரி சூட்டிற்குத் தன் அளவில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 12 பங்கு விரியும். உள்வளையம் தண்டைவிட 80 டிகிரி மிகுதியாகச் சூடேறினால், 40 மில்லிமீட்டர் துவாரம் ஏறக்குறைய 0.04 மில்லிமீட்டர் பெருகும். பிடிப்பு விட இது போதும். தண்டை உலர்ந்த தடித்த துணியால் மூடி, புல்லரை முன்னதாக இறுக்கி வைத்து, 100 டிகிரி அளவில் காய்ந்த எண்ணெயை உள்வளையத்தின்மேல் ஊற்றி உடனே இழுக்க வேண்டும். தாமதித்தால் தண்டும் சூடேறி விரிந்து, பயன் அற்றுப்போம். எண்ணெய் தெறித்தால் கை வெந்துபோகுமாதலால் கையுறை அவசியம். நெருப்புச் சுவாலையைக் காட்டுதல் கூடாது. கிரீஸ் தீப்பற்றும், தண்டும் வளையக்கூடும்.

கடைசி வழி: எதற்கும் அசையாவிடில் வெளிவளையத்தையும் குண்டுகளையும் நீக்கி, உள்வளையத்தைச் சாணைச் சக்கரத்தால் முக்கால் ஆழம் மட்டும் அறுத்து, அப்பள்ளத்தில் உளியை வைத்து ஓர் அடி கொடுத்தால் அது பிளந்துவிடும். சக்கரம் தண்டைத் தொடலாகாது. பேரிங் எஃகு கடினமானதாதலால் சில்லு தெறிக்கும். கண்ணாடி அணியாது இவ்வேலையில் இறங்குவது கண்ணை இழப்பதற்கு ஒப்பாகும்.

புதியதைப் பொருத்துதல்: தண்டின் கீறல்களை மெல்லிய எமரித்தாளால் நீக்கித் துடைக்க வேண்டும். தண்டு தேய்ந்து வளையம் தளர்ந்திருப்பின், பஞ்சால் புள்ளி குத்தி இறுக்குவது சில நாளைக்கே நிற்கும். பட்டறையில் உலோகம் ஏற்றிக் கடைந்துகொள்வதே முறை. பேரிங்கின் இலக்கத்தில் 04-உம் அதற்கு மேலுமான கடைசி இரண்டு எண்களை ஐந்தால் பெருக்கினால் துவாரத்தின் அளவு கிடைக்கும். 6308 என்பதற்கு 40 மில்லிமீட்டர். திறந்த பேரிங்காயின் சுமார் 110 டிகிரிச் சூடான எண்ணெயில் தொங்கவிட்டு எடுத்தால் தண்டில் எளிதாக ஏறும். தட்டி ஏற்ற நேரின், உள்வளையத்தில் மட்டும் படும் குழாயை வைத்துத் தட்டுக.

ஒவ்வொரு குடியானவரும் புல்லர் வாங்குதல் அவசியமன்று. ஊராட்சியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ இரண்டு அளவுகளில் புல்லர்களும், பிளவுத் தகடு ஒன்றும் வைத்துப் பொறுப்புள்ள ஒருவர் வசம் ஒப்புவித்தால், குடிநீர் மோட்டாருக்கும் வயல் மோட்டார்களுக்கும் உதவும். கோடைக்கு முன்பே ஒவ்வொரு மோட்டாரின் பேரிங் இலக்கத்தையும் எழுதி வைத்திருப்போர், பயிர் காயும் வேளையில் கடை கடையாய் அலைய நேராது.