பூனை உண்ண மறுத்தால்

தசலட்சண பருவ நாட்களில் ஒருமுறை எங்கள் இல்லத்துப் பூனை பாற்சோற்றை முகர்ந்துவிட்டு ஒதுங்கியது. “இதுவும் உபவாசம் இருக்கின்றது” என்று வேடிக்கையாகப் பேசினோம். ஐந்தாம் நாள் அதன் ஈறுகளும் காதின் உட்புறமும் மஞ்சளாயின. கால்நடை மருத்துவர் பல நாட்கள் குழாய் வழியே உணவு செலுத்திக் காப்பாற்றினார். நாங்கள் நகைத்துக் கழித்த நாட்களே அதற்குக் கேடாக முடிந்தன.

நோன்பு மனிதர் அறிந்து ஏற்பது. பூனை உண்ணாதிருத்தல் நோயின் அறிகுறி. பட்டினி கிடக்கும் பூனையின் உடற்கொழுப்புக் கரைந்து கல்லீரலில் படிகின்றது. அதனைப் பயன்படுத்தித் தீர்க்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் குறைவு. ஆதலின் இரண்டு மூன்று நாட்களிலேயே ஈரல் கெடத் தொடங்கலாம். பருத்த பூனைக்கு இடர் மிகுதி.

காரணங்கள்: பல்வலி, வாய்ப்புண், மூக்கடைப்பு, காய்ச்சல், சிறுநீரக நோய், விழுங்கிய நூல், இடமாற்றம், அச்சம்.

செய்யத்தக்கவை:
1. பூனை மணத்தைக் கொண்டே உணவை ஏற்கும். எனவே உணவை வெதுவெதுப்பாக்கி இடுக.
2. மூக்கில் சளி காய்ந்திருப்பின் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், சூடு ஆறியபின் துடைக்க.
3. அகன்ற தட்டில், அமைதியான இடத்தில், சிறிது சிறிதாக வைக்க. அருகில் தூய நீரும் இருக்கட்டும்.

செய்யத்தகாதவை:
1. வாயைத் திறந்து வலிந்து ஊட்டற்க. உணவு நுரையீரலுள் புகக்கூடும்.
2. பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரு மாத்திரையே உயிரைப் போக்கும்.
3. வெங்காயம், பூண்டு கலந்த உணவு அதன் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

முழுதாக 24 மணி நேரம் உண்ணாவிடில் மருத்துவரிடம் செல்க. குட்டியாயின் அதற்கும் முன்பே செல்க. ஆண்பூனை சிறுநீர் கழிக்க இயலாது முக்கினால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

இன்னொன்றும் கூறவேண்டும். பூனை இயற்கையில் ஊனுண்ணி. அதன் கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாத டாரின் என்னும் சத்து, பாற்சோற்றில் போதிய அளவு இல்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதுமில்லை. நம் இல்லத்தில் என்ன உணவு இடுகின்றோம் என்பதை மருத்துவரிடம் மறையாது கூறி, அவர் அறிவுரையைக் கேட்க வேண்டும். நமது விரதத்தை வாய்பேசா உயிரின்மேல் சுமத்துதல் அஹிம்சையாகாது.

சிறுவர்க்கு வினாக்கள்:
1. பூனைக்கு உணவை வெதுவெதுப்பாக்கி இடுவது ஏன்?
2. எத்தனை மணி நேரம் உண்ணாவிடில் மருத்துவரை நாட வேண்டும்?
3. உங்கள் இல்லத்துப் பூனை இன்று உண்டதா? பார்த்து வந்து கூறுக.