நிலம் உங்கள் பெயரில். வீடு யார் பெயரில்?

கேள்வி: டெக்சாஸில் சான் அன்டோனியோவுக்கு வெளியே அரை ஏக்கர் நிலமும் அதில் நிற்கும் ஒரு மொபைல் ஹோமும் விலைக்கு வந்திருக்கின்றன. கட்டிய வீட்டின் விலையில் பாதிகூட இல்லை. வாங்கி வாடகைக்கு விடலாமா, ஐயா?

பதில்: நிலமும் சேர்ந்து வருவதால் தாராளமாக யோசிக்கலாம். விலை குறைகிற அளவுக்கு வாடகை குறைவதில்லை. இதில் லாபமே அங்கேதான். மொபைல் ஹோம் பார்க்கில் நிற்கும் வீடாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அங்கே மனை வாடகையை ஏற்றும் அதிகாரம் பார்க் உரிமையாளர் கையில் இருக்கும்.

வீட்டின் மதிப்பு பெரும்பாலும் வருடாவருடம் இறங்கும். நிலம்தான் தாங்கிப் பிடிக்கும். ஆகவே வெறும் மனையாக இருந்தாலும் இதை வாங்குவோமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பத்திரம். பலரும் சறுக்குவது இங்கேதான். டெக்சாஸில் இந்த வீடு காரைப் போலத் தனி உடைமை. நிலத்தைப் பதிந்துவிட்டால் வீடும் கூடவே வந்துவிடும் என்று நம்பாதீர்கள். மாநில வீட்டுவசதித் துறை வீட்டுக்கென்று ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் ஓனர்ஷிப்’ தருகிறது. அதில் விற்பவரின் பெயர் இருக்கிறதா, கடனோ வரிப் பாக்கியோ ஏறியிருக்கிறதா என்று அத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். வாங்கிய பிறகு, வீட்டை நிலத்தோடு சேர்ந்த அசையாச் சொத்தாக மாற்றி, கவுண்டி ஆவணங்களிலும் பதிந்துவிடுங்கள். பிரிந்தே இருந்தால், பின்னால் வாங்க வருபவருக்குக் கடன் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் வட்டி அதிகம்.

1976 ஜூன் 15-க்கு முன் செய்த வீடென்றால் ஒதுங்கிவிடுங்கள். ‘ஹட்’ எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறையின் தரவிதி அன்றுதான் அமலுக்கு வந்தது. அதற்குப் பிந்திய வீடுகளின் வெளிச்சுவரில் சிவப்பு உலோகத் தகடு இருக்கும். பழைய வீட்டுக்குக் கடன், காப்பீடு இரண்டுமே இழுபறி.

விலை பேசுமுன் ஒருவரை வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தரைக்கு அடியில் போர்த்திய காப்புத் துணி கிழிந்திருக்கிறதா, தாங்கு கற்கள் சாய்ந்திருக்கின்றனவா, புயலுக்குக் கட்டிய இரும்புப் பட்டைகள் துருப்பிடித்திருக்கின்றனவா? குளியலறைத் தரை காலடியில் அமுங்கினால் தண்ணீர் கசிகிறது என்று அர்த்தம். சாம்பல் நிற பாலிபியூட்டிலீன் குழாய் கண்ணில் பட்டால், குழாய் முழுவதையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். செப்டிக் டேங்கையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். குடித்தனக்காரர் வந்த பிறகு அது பொங்கினால் செலவு உங்கள் தலையில்தான்.