காப்பு களவு போகவில்லை

அன்பு மகளுக்கு,

பொன் காப்பை நீதான் களவெடுத்தாய் என்று உம்மா அயல் கேட்கக் கத்தினதாக எழுதியிருந்தாய். அந்தக் காப்பை உன் கலியாணத்துக்கு வித்தது எனக்கும் தெரியும். ஆனாலும் அதைச் சொல்லி வழக்காடாதே. "வாங்க உம்மா, தேடிப் பார்ப்பம்" என்று அலுமாரியைத் திற. மடிக்கச் சொல்லி இரண்டு சீலையைக் கையில் கொடு. மடிக்கிற கை ஓய முன்னமே காப்பு மறந்துபோகும்.

இந்தச் சந்தேகம் உன் உம்மாவின் குணமில்லை மகள், மூளை தேயும் நோய் செய்யும் வேலை. 1906இல் அல்சைமர் என்ற ஜெர்மன் வைத்தியர் எடுத்துச் சொன்ன முதல் நோயாளியும் ஒரு பெண்தான். அவளிடம் முதலில் தெரிந்தது மறதியல்ல, புருஷன்மேல் வந்த பொல்லாத சந்தேகம்.

மஃரிபுக்குப் பிறகு "கடல் வருது" என்று அவ படலைக்கு ஓடுவதும் இதில் சேர்ந்ததுதான். 2004இல் மருதமுனையில் கண்ட சுனாமி அவவுக்கு இன்றைக்கு நடக்கிறது. அதட்டாதே. நேரத்தோடு விளக்கைப் போட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டி வா. ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கமாட்டேன். அதற்காகக் கிளினிக்கைப் பிந்தப் போடாதே.

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதே. சலத்தில் கிருமி, மலச்சிக்கல், காய்ச்சல் எதுவும் காரணமாகலாம், உடனே காட்டு. இல்லாத ஆட்களைக் காண்பதோடு நடையும் இறுகினால் டொக்டரிடம் கட்டாயம் சொல். அப்படியானவர்களுக்கு மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் சில குளிசைகள் உயிருக்கே ஆபத்து. பார்மசியில் நீயாக எதுவும் வாங்காதே. மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணி பாய்ந்தால் கல்முனைக்கு வரமுடியாது, மருந்தை முன்கூட்டியே எடுத்து வை.

இனி உன் விஷயம். நம்ம பக்கம் வீடு பொம்புளப் பிள்ளைக்கு. அதனால் உம்மாவும் உன் பொறுப்பு என்று ஆண்மக்கள் ஒதுங்கிவிட்டார்கள். இது அநியாயம். உம்மாவின் ஹக்கு ஆண்மக்கள் மேலும் இருக்கிறது. கை ஓங்கிவிட்டேன் என்று அழுதாயே, அது நித்திரையில்லாத உடம்பு செய்தது. இனி அப்படி ஆத்திரம் வந்தால் முற்றத்துக்குப் போய் 1926க்கு அழை. அது மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுப்பார்கள்.

வெள்ளி ஜும்ஆ முடிய நான் வாறேன். நானாவையும் தம்பியையும் வீட்டில் நிற்கச் சொல். எந்த இரவு யார் உம்மாவோடு படுப்பது, கிளினிக்குக்கு யார் ஓட்டோ பிடிப்பது என்று அன்றைக்கே எழுதிச் சுவரில் ஒட்டுவோம்.

உன் சாச்சி