ஈறில் இரத்தம் வந்தால் பிரஷ்ஷை நிறுத்தலாமா?

பல் துலக்கும்போது எச்சிலில் இரத்தம் தெரிந்தால், "பிரஷ் குத்திவிட்டது" என்று நினைத்து அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவோர் நம் குடும்பங்களில் நிறையப் பேர். ஆனால் அந்த இடத்தில்தான் சுத்தம் அதிகம் தேவை. ஏன் என்பது, ஈறுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் புரியும்.

கிருமியை உடல் எப்படி அறிகிறது?

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் பாக்டீரியாக்கள் ஒட்டும் படலமாகப் படிகின்றன. அகற்றாமல் விட்டால் அது காரையாக இறுகிவிடும். ஈறின் செல்களிலும் இரத்த வெள்ளை அணுக்களிலும் 'டோல் வகை ஏற்பிகள்' என்ற உணர்வான்கள் உள்ளன. பாக்டீரியாவின் மேலுறையில் இருந்து, மனித உடலில் இல்லாத சில பொருட்களை இவை கண்டுகொள்கின்றன. எந்தக் கிருமி என்று தெரிய வேண்டியதில்லை. 'இது நம்முடையதல்ல' என்று தெரிந்தால் போதும். இந்த முதல்கட்ட எதிர்ப்பு எப்படித் தூண்டப்படுகிறது என்று கண்டறிந்த புரூஸ் பொய்ட்லர், ஜூல்ஸ் ஹாஃப்மன் இருவரும் 2011ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆபத்தை உணர்ந்த செல்கள் இரசாயனச் செய்திகளை அனுப்புகின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. நியூட்ரோபில் எனும் வெள்ளை அணுக்கள் குழாயிலிருந்து வெளியேறி வந்து கிருமிகளை விழுங்குகின்றன. ஈறு சிவப்பதும், வீங்குவதும், இலேசாகப் பட்டாலே இரத்தம் வருவதும் இதனால்தான்.

எலும்பு ஏன் கரைகிறது?

ஈறு நோயில் முக்கியப் பங்கு வகிக்கும் 'போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்' என்ற பாக்டீரியா தந்திரமானது. மேலுறையின் அமைப்பை மாற்றி ஏற்பிகளை ஏமாற்றும். நம் பாதுகாப்புப் புரதங்களைத் தன் நொதிகளால் வெட்டிவிடும். கிருமி அழியாததால் சண்டையும் ஓயாது. நீடிக்கும் இந்த அழற்சி, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. அதாவது, பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைப்பது பெரும்பாலும் நம் உடலின் எதிர்ப்பே. பெரும்பாலும் வலியே இருக்காது. பல் ஆடும்போதுதான் தெரியவரும். இழந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது.

ஆனால் ஆரம்ப நிலையில் முழுமையாகக் குணமாகும். 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கிய ஒரு வாரம் அளவில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது.

நாம் செய்ய வேண்டியவை

1. இரத்தம் வந்தாலும் நிறுத்தாமல், மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் துலக்குங்கள். மிஸ்வாக் பயன்படுத்துவோர் ஈறு விளிம்பையும் பற்களின் உட்புறத்தையும் விட்டுவிட வேண்டாம்.

2. ஓரிரு வாரத்தில் நிற்காவிட்டால் பல் மருத்துவரைப் பாருங்கள். இறுகிய காரை பிரஷ்ஷுக்குப் போகாது. "காரை எடுத்தால் பல் ஆடும்" என்பது தவறான பயம். காரையை விட்டுவைத்தால்தான் ஆடும்.

3. சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனம் எடுங்கள். சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும்.

4. புகைப்பவர்களுக்கு நோய் இருந்தும் இரத்தம் குறைவாகவே வரலாம். இரத்தம் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

இன்றிரவு வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பாருங்கள்: "பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா?" குறிப்பாக, வீட்டுப் பெரியவர்களிடம்.